ஸ்வர்ணலதா: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்களே, உங்க வீட்டுக்குள்ள எந்தப் பாட்டுல வந்தாங்க?

பட்டுக்கூடு (பாலக்கோடு)

பாடகி ஸ்வர்ணலதா மறைஞ்ச செப்டம்பர் 12 வந்தா போதும், அவங்க போட்டோவைப் போட்டு "கண்ணீர் அஞ்சலி"ன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. எழுதட்டும், தப்பில்ல. எந்தப் படம், யார் இசை, என்ன விருதுன்னு விக்கிப்பீடியாவே சொல்லிடும். நம்ம பக்கத்துல அவங்க பாட்டு எந்த வேலைக்கு நடுவுல, எந்த ரேடியோவுல வந்துச்சுன்னு அது சொல்லாது. அதைத்தான் கேக்கறேன்.

என்னோடதை முதல்ல சொல்லிடறேன். எங்க வீட்ல பட்டுப்புழு வளர்ப்பு. நாலாவது தூக்கம், அதாவது தோல் உரிக்கிறது, முடிச்சு எழுந்த புழு அதுக்கப்புறம் ஒரு வாரம் ராப்பகலா தின்னும். இந்தக் கோடியில தழை போட்டு நிமிர்றதுக்குள்ள அந்தக் கோடியில காம்புதான் மிச்சம். அத்தனை வாயும் ஒண்ணா கொறிக்கிற சத்தம் ஓட்டு மேல மழை விழற மாதிரி கேக்கும். அந்த ராத்திரிகள்ல புழு வளர்க்கிற மனைக்குள்ள நானும் என் மாமியாரும் மட்டும்தான். எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு அவ்வளவா கிடையாது. காரணம் எல்லா வீட்லயும் இருக்கிறதுதான், அதை விடுங்க.

விட்டத்துல ஒரு ரேடியோ தொங்கும். தர்மபுரி பண்பலை, 102.5. ஒரு நாள் "மாலையில் யாரோ மனதோடு பேச" வந்துச்சு. அத்தை தழைக்கட்டைக் கீழ வெச்சிட்டு நின்னாங்க. பாட்டு முடிஞ்சதும், "இந்தப் பொண்ணு யாருகிட்டயோ தனியா பேசுது பாரு"ன்னாங்க. வேலை சம்பந்தம் இல்லாம அவங்க என்கிட்ட சொன்ன முதல் வார்த்தை அது. அதுக்கப்புறம் அந்தக் குரல் வந்தா "உன் சிநேகிதி வந்துட்டா"ம்பாங்க. ஸ்வர்ணலதா பொறந்தது 1973. நானும் கிட்டத்தட்ட அந்த வயசுதான். ஆனா அவங்க பேரு எனக்கும் அத்தைக்கும் அப்ப தெரியாது. ஜானகி அம்மான்னே ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தோம்.

அத்தை இப்ப இல்ல. நீங்க சொல்லுங்க.

மைக்செட் மகன் (அரூர்)

அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இந்த இழை எங்க போய் நிக்கும்னு எனக்கு இப்பவே தெரியும். இன்னும் நாலு பேர் வந்து "சோகத்தின் குரல்", "37 வயசுல போயிட்டாங்களே"ன்னு அழுதுட்டுப் போவாங்க. அதுக்கு முன்னாடி நான் வந்துடறேன்.

எங்க அப்பா ரேடியோ செட் வெச்சிருந்தவர். ரெண்டு கோன் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு டேப், பத்துப் பதினஞ்சு சீரியல் லைட் சரம். தீர்த்தமலைப் பக்கத்துல இருந்து மொரப்பூர் வரைக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் காதுகுத்துக்கும் போவோம். சாமி பாட்டு முடிஞ்சு கரகம் எடுக்கிற நேரம் வந்தா "ஆட்டமா தேரோட்டமா"தான். "கேப்டன் பிரபாகரன்", 1991. அந்தப் படம் வீரப்பனை மனசுல வெச்சு எடுத்ததுன்னு பென்னாகரம் பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அதைப் பத்தி அந்த நேரத்துல அங்க யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவாங்க.

தொழில் விஷயம் ஒண்ணு. கோன் குழாய்ல அடிச்சத்தம், அதான் பேஸ், நிக்காது. தவில், டிரம் எல்லாம் தகரம் தட்டற சத்தமா ஆயிடும். நடுவுல இருக்கிற குரல்தான் தூரம் போகும். சில பாடகிங்க குரல் கோன்ல போனா கிறீச்சுன்னு காதைக் குத்தும். ஸ்வர்ணலதா குரல் குத்தாது. அரை மைல் தள்ளி கரும்புக் காட்டுல நிக்கிறவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா கேக்கும். அப்பா அதுக்காகவே அந்தக் கேசட்டைத் தனியா ஒரு டப்பாவுல வெச்சிருப்பார்.

எங்களுக்கு அவங்க திருவிழா. அழுகைக்காரியா மட்டும் ஆக்காதீங்க.

கணவாய் டிரைவர்

தொப்பூர் இறக்கத்துல இருபத்தஞ்சு டன் லோடு. செகண்ட் கியர். பக்கத்துல கிளீனர் தூங்கறான். "போவோமா ஊர்கோலம்". வேற என்னத்த சொல்ல. அந்த இறக்கத்துல வேகமான பாட்டு போட மாட்டேன், கால் தானா அழுத்திடும். எஸ்பிபியும் அந்தம்மாவும் பாடினா நிதானமா இறங்கலாம்.

2கே நெல்லிக்கனி (தர்மபுரி டவுன்)

யாரும் கோவிச்சுக்காதீங்க, ஒரு சந்தேகம். நானும் "எவனோ ஒருவன்" பைத்தியம்தான். ஹெட்செட் போட்டு பஸ்ல கேட்டா பாலக்கோடு வர்றதே தெரியாது. ஆனா அவங்க யாருன்னு நமக்குத் தெரியாதே? பேட்டி கூட அதிகம் கிடையாது. யூடியூப்ல தேடிப் பார்த்தேன், மேடையில நின்னு பாடற வீடியோ சிலது இருக்கு, அதுலயும் தலையைக் குனிஞ்சிட்டு பேப்பரைப் பார்த்துப் பாடறாங்க. தெரியாத ஒருத்தரை "சிநேகிதி", "எங்க வீட்டுப் பொண்ணு"ன்னு சொல்றது நாமளே கட்டிக்கிற கதைதானே?

சுதிப்பெட்டி (கிருஷ்ணகிரி)

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. கதை கட்டறோம்தான், ஒத்துக்கறேன். ஆனா எல்லாரையும் வெச்சு அப்படிக் கட்ட முடியலையே. ஏன் இவங்களை வெச்சு மட்டும் வருது?

நான் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரா இருந்தவன். என் காதுக்குப் பட்டதைச் சொல்றேன். அவங்க அப்பா கே.சி. செருக்குட்டி ஆர்மோனியக்காரர், பாடகரும்கூட. பாலக்காட்டுச் சித்தூர்க்காரங்க. இந்தப் பொண்ணும் ஆர்மோனியம், கீபோர்டு ரெண்டும் கத்துக்கிட்டவங்க. ஆர்மோனியத்தோட வளர்ந்தவங்களுக்கு ஒரு பழக்கம் வரும். சுரத்துல நேரா போய் நிப்பாங்க, சுத்தி வளைக்க மாட்டாங்க. "மாலையில் யாரோ" சுத்த தன்யாசி ராகம். அஞ்சு சுரம்தான். அதுல பிருகாவும் சங்கதியுமா கொட்டி வித்தை காட்டலாம். அவங்க காட்டல. இளையராஜா போட்டது போட்டபடி வருது. மெட்டுக்கும் கேக்கறவனுக்கும் நடுவுல "நான் பாடறேன் பாரு"ன்னு ஒருத்தர் வந்து நிக்கிறதே இல்ல. அந்த இடம் காலியா இருக்கிறதாலதான் பாலக்கோடு அம்மாவோட மாமியாரும் உள்ள வர முடியுது, நீங்களும் பஸ்ல உக்காந்து உள்ள போக முடியுது.

முகம் தெரியாததும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. நான் கேசட் காலத்து ஆள். பேப்பர்ல பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தா கடையில பதிஞ்சு கொடுப்பாங்க. உறை மேல படம் பேரு இருக்கும், பாடினவங்க பேரு பாதிக்குப் பாதி தப்பா இருக்கும். யார்னு தெரியாமலே ஒரு குரலை அடையாளம் வெச்சுக்கிட்டுத் தேடினோம். "என்னுள்ளே என்னுள்ளே", "குயில் பாட்டு", "நீ எங்கே என் அன்பே" மூணும் ஒரே ஆள்னு கண்டுபிடிச்சப்ப எனக்கு வந்த சந்தோஷம் உங்க ஆப்புல பேர் தானா வர்ற காலத்துல வராது. கிழவன் புலம்பல்னு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாது: தமிழ்ல முதல் பாட்டு 1987ல, "நீதிக்குத் தண்டனை". எம்.எஸ்.வி. இசை. யேசுதாஸ் கூட, பாரதியோட "சின்னஞ்சிறு கிளியே". அப்ப அவங்களுக்கு வயசு பதினாலு.

சிஸ்டர் (ஓய்வு)

ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, எழுதறதில்ல. இந்தத் தலைப்புக்காக எழுதறேன்.

நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்தவ. எந்த ஊர்னு வேண்டாம். நம்ம மாவட்டத்துக்கு ஒரு பேர் இருந்தது, இங்க இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியும். 2001 கணக்கெடுப்புல ஆறு வயசு வரைக்கும் உள்ள ஆயிரம் ஆம்பளப் பிள்ளைக்கு தொள்ளாயிரம் பொம்பளப் பிள்ளை கூட இங்க இல்ல. பொண் குழந்தை வேண்டாம்னா அரசாங்கத் தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்னு 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டம் 2001ல நம்ம மாவட்டத்துக்கும் வந்தது. அதுக்கு முன்னாடியே 1994ல, பெண் சிசுக்கொலையைப் பத்தின "கருத்தம்மா" படம் வந்துடுச்சு. படத்துல தெற்கத்திக் கதை. ஆனா எங்களுக்கு அது தெற்கத்திக் கதையாத் தெரியல.

பிரசவம் பார்த்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவோம். ரெண்டாவது பொண்ணு, மூணாவது பொண்ணுன்னா கொஞ்சம் அடிக்கடியே போவோம். ஏன்னு அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டோம். எடை பார்க்கிறோம்னு சொல்லுவோம். ஒரு வீட்ல திண்ணையில உக்காந்து எடை மிஷினை எடுக்கறேன், உள்ள ரேடியோவுல அந்தப் படத்துல ஸ்வர்ணலதா பாடின "போறாளே பொன்னுத்தாயி". வயசான அம்மா ஒருத்தங்க வாசல்ல புளி தட்டிட்டிருந்தாங்க. எழுந்து உள்ள போய் ரேடியோவை நிறுத்திட்டு வந்து மறுபடி சுத்தியலை எடுத்தாங்க. ஒரு வார்த்தை பேசல. நானும் கேக்கல. என் நோட்டுல அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது.

அந்தக் குழந்தை நல்லா இருந்தது. அதனால தப்பா எதுவும் நினைக்காதீங்க. அந்த அம்மா எதை நினைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பாட்டை இப்ப எங்க கேட்டாலும், அதைக் கேக்க முடியாம எழுந்து போனவங்களோட சேர்த்துத்தான் கேக்கறேன். அதுக்கு தேசிய விருது கொடுத்தாங்க. எந்த ஜூரியை விடவும் அந்தக் கிழவிக்கு அந்தப் பாட்டு நல்லாப் புரிஞ்சிருக்கும்.

மைக்செட் மகன் (அரூர்)

சிஸ்டர்… வணக்கம்மா. இதுக்கு மேல நான் என்ன எழுத.

இல்ல, எழுதறேன். உங்களுக்குத் தெரிஞ்ச விஷயமாத்தான் இருக்கும். அந்தப் பாட்டு ரெண்டு விதமா உண்டு. ஒண்ணு உன்னிமேனனும் சுஜாதாவும் பாடினது, சந்தோஷமா வரும். இன்னொண்ணு ஸ்வர்ணலதா மட்டும். மெட்டு ஒண்ணுதான். கல்யாண வீட்ல பொண்ணை அனுப்பற நேரத்துக்கு முதல் பாட்டைக் கேப்பாங்க. ஒரு தடவை உதவிக்கு வந்த பையன் டேப்பைத் தப்பான இடத்துல நிறுத்தி, ஸ்வர்ணலதா பாட்டு கோன்ல போயிடுச்சு. அப்பா ஓடி வர்றதுக்குள்ள பொண்ணோட அம்மா, பெரியம்மா, அத்தைங்க எல்லாம் உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி ஆயிட்டாங்க. அப்பா நிறுத்தப் போனார். பொண்ணோட பாட்டிதான் "முழுசா ஓடட்டும், விடு"ன்னாங்க. ஓடவிட்டார். அன்னைக்கு வாடகையில கொஞ்சம் குறைச்சாங்கன்னு வையுங்க.

ஆனாலும் என் வாதத்தை விட மாட்டேன். 1994ல அந்தப் பாட்டு. அதே 1994ல, அதே ஏ.ஆர். ரகுமான் இசையில "காதலன்" படத்துல "முக்காலா முக்காபுலா". அதுவும் இதே தொண்டைதான். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. முந்தின வருஷம் "ஜென்டில்மேன்"ல "உசிலம்பட்டி பெண்குட்டி". செத்தப்புறம் நாமதான் அவங்களை ஒரே பாட்டுல உக்கார வெச்சிட்டோம்.

பட்டுக்கூடு (பாலக்கோடு)

சிஸ்டர் அம்மா எழுதினதைப் படிச்சிட்டு எங்க வீட்டுக்காரர்கிட்டயும் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லல, போனை வாங்கி இன்னொரு தடவை படிச்சார்.

மைக்செட் தம்பி, உன் கோவம் புரியுது. ஆனா சோகமாக் கேக்கறவங்களை எல்லாம் ஏன் அழுகைக்காரங்க கணக்குல சேர்க்கிற? எங்க அத்தை "மாலையில் யாரோ" கேட்டு அழுததே இல்ல. சிரிச்சாங்க. சிரிச்சு நான் அதிகம் பார்க்காத முகம் அது.

2கே நெல்லிக்கனி

சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பாட்டிக்கு அப்போ அந்தப் பாட்டு பிடிக்காதா?

சிஸ்டர் (ஓய்வு)

பிடிக்காதுன்னு நான் எங்கப்பா சொன்னேன்? நான் கிளம்பினப்புறம் மறுபடி போட்டுக் கேட்டாங்களோ என்னவோ. என் முன்னாடி கேக்க விருப்பமில்ல, அவ்வளவுதான் நான் பார்த்தது.

ஓசூர் ஷிப்ட்

எங்க வீட்ல பேசறது தெலுங்கு. தெருவுல தமிழ். கம்பெனியில கன்னடம், இந்தி எல்லாம் கலந்து. தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்தீங்கன்னா இது சகஜம். அதனால எனக்கு ஸ்வர்ணலதா தமிழ்ப் பாடகின்னே ரொம்ப நாள் தெரியாது. "சூடாலனி உந்தி" படத்துல உதித் நாராயண் கூட "ராமா சிலகம்மா" பாடினவங்கன்னுதான் தெரியும். சிரஞ்சீவி பாட்டு. கல்யாணத்துல அது இல்லாம எங்க பசங்க ஆட மாட்டாங்க. எங்க அம்மாவுக்கு அவங்க தெலுங்குப் பொண்ணு. பக்கத்து வீட்டு கௌடா அக்காவுக்கு அவங்க கன்னடத்துப் பொண்ணு. இப்ப நீங்க பாலக்காடுங்கறீங்க. நைட் ஷிப்ட் முடிச்சு சிப்காட்ல இருந்து வண்டியில வர்றப்ப "எவனோ ஒருவன்" கேப்பேன், அது எந்த ஊர்ப் பொண்ணும் இல்ல.

மைக்செட் அண்ணா சொன்ன கட்சியில நான். ஆட்டப் பாட்டு கட்சி.

புளிமண்டி (காவேரிப்பட்டணம்)

சிஸ்டர் புளி தட்டறதைப் பத்திச் சொன்னதால வந்தேன். எங்க குடோன்ல மாசி, பங்குனி, சித்திரை மூணு மாசமும் பொம்பளைங்க வரிசையா உக்காந்து ஓடு உடைச்சு, நார் உரிச்சு, கொட்டை எடுப்பாங்க. கிலோ கணக்குக் கூலி. கை வேகமாப் போகணும்னா பாட்டு வேணும். நானே ஸ்பீக்கர் வாங்கி வெச்சேன், லாபம் எனக்கும்தான், மறைக்கல. அங்க போட்டி நடக்கும். சின்னப் பொண்ணுங்க "குச்சி குச்சி ராக்கம்மா" கேப்பாங்க, வயசானவங்க "ராக்கம்மா கையத் தட்டு" கேப்பாங்க. ரெண்டு ராக்கம்மாவும் ஸ்வர்ணலதாதான்னு சொன்னா யாரும் நம்பல. "தளபதி"யில எஸ்பிபி கூடப் பாடின அந்தப் பாட்டு 2002ல பிபிசி உலகம் முழுக்க நடத்தின ஓட்டெடுப்புல நாலாவது இடம் வந்துச்சுன்னு சொன்னேன். ஒரு அக்கா கேட்டாங்க, "அதுக்கு நமக்குக் கூலி ஏத்தித் தருவாங்களா?"

சுதிப்பெட்டி (கிருஷ்ணகிரி)

அந்த அக்காவுக்கு என் வணக்கம்.

மைக்செட் தம்பிக்கு: பாட்டை வெச்சுப் பார்த்தா நீங்க சொல்றது சரி. ஆனா சீக்கிரம் போனவங்க பாட்டை அந்தச் சாவை ஒதுக்கி வெச்சிட்டுக் கேக்கறது மனுஷனால ஆகற காரியமில்ல. 2010ல அவங்க போறதுக்கு முன்னாடி எனக்கு "காதலெனும் தேர்வெழுதி" கல்லூரிப் பசங்க பாட்டு. இப்ப அதுல எஸ்பிபி குரலும் வருது, இவங்க குரலும் வருது, ரெண்டு பேரும் இல்ல. பாட்டு மாறல, என் காதுதான் மாறிடுச்சு. அதை நீங்க திட்டினாலும் சரியாகாது.

நான் கண்டிக்கிறது வேற ஒண்ணு. நுரையீரல் நோயால போனாங்க. அதோட நிறுத்திக்கணும். அதை வெச்சு, கல்யாணம் ஆகாததை வெச்சு, வாய்ப்புக் குறைஞ்சதை வெச்சு பின்னணி இசையோட வீடியோ போடறானுங்க பாருங்க, அவனுங்க அவங்க பாட்டை முழுசா ஒண்ணு கேட்டிருப்பானுங்களான்னு சந்தேகம். அவங்க சொல்லாத வாழ்க்கையை நாம சொல்ல என்ன உரிமை இருக்கு?

2கே நெல்லிக்கனி

சார், அதுதான் நானும் கேட்டது! தெரியாதவங்களைப் பத்திக் கதை கட்டாதீங்கன்னு.

சுதிப்பெட்டி (கிருஷ்ணகிரி)

ரெண்டும் வேற தம்பி. இந்தம்மா தன் மாமியாரைப் பத்திச் சொன்னாங்க. சிஸ்டர் ஒரு திண்ணையைப் பத்திச் சொன்னாங்க. ஸ்வர்ணலதாவைப் பத்தி இவங்க யாரும் ஒரு வார்த்தை இட்டுக்கட்டலையே.

2கே நெல்லிக்கனி

ம். அதுவும் சரிதான். சரி, என்னோடதையும் சொல்றேன், சிரிக்கக் கூடாது. பன்னெண்டாவது பரீட்சை சமயத்துல அப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவார். பேச ஒண்ணும் இருக்காது, "சாப்பிட்டியா, படிச்சியா" அவ்வளவுதான். ஒரு நாள் பின்னாடி யாரோ போன்ல "பூங்காற்றிலே" போட்டிருந்தாங்க. அப்பா பேசறதை நிறுத்திட்டு "இரு, இது கேளு"ன்னு போனை அந்தப் பக்கம் திருப்பினார். உன்னிமேனன் பாட்டுன்னுதான் நினைச்சேன். நடுவுல அந்தப் பெண் குரல் வந்தப்ப, "இது யாருன்னு தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியாதுன்னேன். அவரே சொன்னார். எங்க அப்பாவுக்குப் பாடகர் பேரெல்லாம் தெரியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

கணவாய் டிரைவர்

அப்பா இப்ப நல்லா இருக்காரா தம்பி?

2கே நெல்லிக்கனி

நல்லா இருக்காருண்ணா. முட்டி வலி. ஊர்லயே இருக்கார்.

பட்டுக்கூடு (பாலக்கோடு)

சரி, நான் ஒண்ணு நினைச்சேன். மைக்செட் தம்பி, உங்க அப்பாவோட கோன் ரெண்டும் இன்னும் இருக்கா? வர்ற செப்டம்பர் 12 சாயந்திரம் எங்க மனைக்கு வாங்க. அப்ப புழு இருக்காது, இடம் காலியாத்தான் இருக்கும். களி கிண்டறேன், கீரை கடைஞ்சு வைக்கிறேன். யார் வேணா வரலாம். போட்டோ, மாலை எதுவும் வேண்டாம்.

மைக்செட் மகன் (அரூர்)

கோன் ஒண்ணுதான் இருக்கு அக்கா. இன்னொண்ணோட யூனிட் போயிடுச்சு, மாத்திடலாம். டேப் ஓடுது, பெல்ட் மட்டும் போடணும். வர்றேன். ஆனா ஒரு நிபந்தனை: முதல் பாட்டு "ஆட்டமா தேரோட்டமா".

சுதிப்பெட்டி (கிருஷ்ணகிரி)

முதல் பாட்டு "சின்னஞ்சிறு கிளியே". வரிசைன்னு ஒண்ணு இருக்கு.

ஓசூர் ஷிப்ட்

எனக்கு அன்னைக்கு பி ஷிப்ட். மாத்திக்கிட்டு வர்றேன். "ராமா சிலகம்மா" உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.

சிஸ்டர் (ஓய்வு)

நானும் வரலாமா? பாலக்கோட்டுக்கு அந்த நேரத்துல திரும்ப பஸ் எத்தனை மணிக்கு?

கணவாய் டிரைவர்

கடைசி பஸ்ஸை நம்பாதீங்கம்மா. எனக்கு அன்னைக்கு லோடு இல்லன்னா நானே கொண்டு வந்து விடறேன். மைக்செட், "போவோமா ஊர்கோலம்" என் பேர்ல எழுதிக்கோ.